டேஷ்போர்டு இருட்டு: பழைய கார்களில் பழுது எங்கே இருக்கிறது?

ஐம்பது, அறுபது வயதான காரை வைத்திருப்பவர்களுக்குப் பெரிய வேலைகள் எதுவும் புதிதல்ல. இன்ஜினை இறக்கி ஏற்றியிருப்பார்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்திருக்கும். பிரேக் ஷூ தேய்ந்திருப்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஸ்பீடோமீட்டருக்குள் எரிய வேண்டிய சின்ன பல்பு ஒன்று எரியாமல் போனால், மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். பகலில்தானே ஓட்டுகிறோம் என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தச் சமாதானம் சரியல்ல. ஆயில் பிரஷர் விழுந்தால் எரிய வேண்டிய விளக்கும், பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கும் அதே மீட்டர் போர்டில்தான் இருக்கின்றன. வெளிச்சத்துக்கான பல்பு எந்தக் காரணத்தால் அணைந்ததோ, அதே காரணம் இவற்றையும் முடக்கியிருக்கலாம். பெட்ரோல் முள், வெப்பநிலை முள் இரண்டும் தப்புத் தப்பாகக் காட்டுவதற்கும் சில சமயம் அதே காரணம்தான். மீட்டர் லைட் பழுதைத் தேடிப் போகிறவர் உண்மையில் வண்டியின் மொத்த வயரிங்கையும் பரிசோதிக்கத் தொடங்குகிறார்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்றும் மிஞ்சியிருக்கும் பழைய கார்களில் பெரும் பகுதி பிரிட்டிஷ் வம்சம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1950களின் பிற்பகுதியில் வந்த அம்பாசடர், 2014 வரை தயாரிப்பில் இருந்தது. வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் தயாரித்த ஹெரால்டு 1961இல் வந்தது. இலங்கையில் இன்னும் கண்ணில் படும் மோரிஸ் மைனரும் இதே குடும்பம். இவற்றின் மின்சாரப் பாகங்களுக்குப் பின்னால் இருந்த பெயர் லூகாஸ். பர்மிங்காமில் விளக்கு வியாபாரமாகத் தொடங்கிய அந்த நிறுவனம், டி.வி.எஸ். குழுமத்துடன் சேர்ந்து 1961இல் தொடங்கியதுதான் சென்னைப் பாடியில் உள்ள லூகாஸ்-டிவிஎஸ். ஆகவே லூகாஸ் முறையில் மீட்டர் லைட் எப்படி எரிகிறது என்று புரிந்துகொண்டால் இந்த வண்டிகளில் பாதி வேலை முடிந்தது.

மீட்டர் லைட் எரியவில்லை என்றதும் எல்லோரும் கை வைப்பது பல்பில். இந்த வண்டிகளின் மீட்டர்களைச் செய்த ஸ்மித்ஸ் நிறுவனம் பரவலாகப் பயன்படுத்தியது லூகாஸ் 987 என்று எண்ணிட்ட பல்பைத்தான். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளைத் திருகு, அதன் அடியில் ஈயப்பொட்டு, மேலே சிறு கண்ணாடிக் குமிழ்; 12 வோல்ட், 2.2 வாட். ஹோல்டரில் திருகிச் செருகி, ஹோல்டரை மீட்டரின் முதுகில் உள்ள துளையில் அழுத்திவிடுவார்கள். இழை அறுந்திருந்தால் பல்பை மாற்ற வேண்டியதுதான். ஆனால் நான்கைந்து பல்புகள் ஒரே இரவில் சேர்ந்தாற்போல் அறுந்துபோகாது. ஒன்று மட்டும் இருண்டால் பல்பையோ அதன் ஹோல்டரையோ சந்தேகிக்கலாம். எல்லாமே இருண்டால், அல்லது எல்லாமே மங்கினால், புதுப் பல்பு வாங்குவது வீண் செலவு.

மின்சாரம் போகும் பாதையைப் பார்க்கலாம். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் லைட் ஸ்விட்சுக்குப் போகிறது. ஸ்விட்சை முதல் நிலைக்கு இழுத்தால் பார்க்கிங் லைட், டெயில் லைட், நம்பர் பிளேட் லைட் எரியும். அங்கிருந்து ஒரு கிளை மீட்டர் லைட் ஸ்விட்சுக்கோ, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டுக்கோ வருகிறது. அதைத் தாண்டி எல்லா மீட்டர் பல்புகளுக்கும் பிரிகிறது. பல்பின் இழையைக் கடந்த மின்சாரம் ஹோல்டரின் உலோகம், மீட்டரின் உடல், டேஷ்போர்டின் தகடு, காரின் பாடி என்று பயணித்து பேட்டரிக்குத் திரும்புகிறது.

லூகாஸ் வயரிங்கில் ஒயரின் நிறமே அது எங்கே போகிறது என்று சொல்லிவிடும். பார்க்கிங் லைட் வரிசைக்குச் சிவப்பு. ரியோஸ்டாட்டைத் தாண்டி மீட்டர் பல்புகளுக்குப் போவது சிவப்பில் வெள்ளைக் கோடு. கறுப்பு என்றால் எர்த், அதாவது பேட்டரிக்குத் திரும்பும் வழி. சாவி போட்டதும் உயிர் வருவது வெள்ளை. அது ஃபியூஸைத் தாண்டியதும் பச்சை. எப்போதும் உயிரோடு இருப்பது பழுப்பு. ஆயில் பிரஷர் விளக்கிலிருந்து இன்ஜினுக்குப் போவது வெள்ளையில் பழுப்புக் கோடு. பெட்ரோல் டேங்கிலிருந்து வருவது பச்சையில் கறுப்புக் கோடு. நாற்பது வருட அழுக்கில் எல்லா நிறமும் ஒரே சாம்பலாகத் தெரியும். ஈரத்துணியால் ஒயரை ஓரங்குலம் துடைத்துப் பார்த்தால் கோடு வெளிப்பட்டுவிடும். ஆனால் இடையில் யாரோ வயரிங்கில் கை வைத்து, கிடைத்த ஒயரை இழுத்துக் கட்டியிருந்தால் இந்த வரைபடம் பாதி வழியில் அறுந்துபோகும். பழைய வண்டிகளில் தேடும் நேரம் நீள்வதற்கு மூலப் பழுதை விட இந்த இடைச்செருகல்களே அதிகக் காரணம்.

பார்க்கிங் லைட் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து வருவதுதான் முதல் சோதனை. முன்னும் பின்னும் எரிந்து, மீட்டர் மட்டும் இருட்டாக இருந்தால், பழுது கிளை பிரிந்த இடத்துக்கு அப்பால் இருக்கிறது. எங்குமே எரியவில்லை என்றால் ஸ்விட்சிலோ அதற்கு முன்போ. கருவி எதுவும் இல்லாமல் ஒரே நிமிடத்தில் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அடுத்து எர்த். டேஷ்போர்டு பழுதுகளைக் கவனித்துப் பார்த்தால் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும் இடம் இதுதான்.

பழைய ஸ்மித்ஸ் மீட்டர்கள் டேஷ்போர்டின் துளையில் முன்புறமிருந்து நுழைகின்றன. பின்னால் வளைந்த ஒரு கிளாம்பு, அதன்மேல் விரலால் திருகும் சொரசொரப்பான நட்டு. அந்தக் கிளாம்பின் கால்கள் டேஷ்போர்டின் பின்பக்கத் தகட்டில் அழுந்தும் இரண்டு புள்ளிகள் வழியாகத்தான் மீட்டரின் எர்த் போகிறது. அந்த இடத்தில் துரு ஏறினாலோ நட்டு தளர்ந்தாலோ எர்த் போயிற்று. இன்னொரு காரணம் எல்லோரும் மகிழ்ச்சியோடு செய்யும் வேலையிலேயே இருக்கிறது: பெயின்ட். வண்டியை முழுதாகப் பிரித்து, டேஷ்போர்டைச் சுரண்டி, பிரைமர் அடித்து, மூன்று கோட்டு பெயின்ட் ஏற்றி, பளபளவென்று திரும்பப் பூட்டிய பிறகு மீட்டர் லைட் எரியாது. கிளாம்பின் கால் இப்போது பெயின்ட்டின் மேல் நிற்கிறது. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ரீஸ்டோர் செய்து முடித்த வண்டியில் எல்லாம் புதிதாக இருந்தும் மீட்டர் இருண்டு கிடக்கிறதென்றால் முதலில் சுரண்ட வேண்டிய இடம் கிளாம்பின் கால் படும் அந்தப் பொட்டளவு இடம்தான்.

மர டேஷ்போர்டு என்றால் கதை வேறு. பிரிட்டனில் விற்ற ட்ரையம்ஃப் ஹெரால்டு 1200 போன்ற வண்டிகளில் மீட்டர் மரப் பலகையில் உட்காருவதால், எர்த்துக்கென்று தனியாகக் கறுப்பு ஒயர் ஒன்று மீட்டரிலிருந்து பாடிக்கு ஓட வேண்டும். மீட்டரைக் கழற்றி மாட்டும்போது அந்த ஒயரை மறந்துவிடுவது சாதாரணம். மறந்த பிறகும் சில சமயம் ஸ்பீடோமீட்டர் விளக்கு எரியும், மற்றது எரியாது. காரணம், ஸ்பீடோமீட்டர் கேபிளின் உலோக உறை கியர்பாக்ஸ் வரை போய் எர்த்தைக் கொண்டு வந்துவிடுகிறது. தெரியாதவருக்கு இது பெரிய புதிர்.

எர்த் சரியில்லாத விளக்குகள் விசித்திரமாக நடந்துகொள்ளும். இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் லைட்டும் சேர்ந்து துடிக்கும். பிரேக் மிதித்தால் மங்கும். ஹெட்லைட் பிரைட்டில் போட்டால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்கு ஒன்று லேசாக ஒளிரும். இப்படிப்பட்ட வினோதங்களைக் கண்டால் பயப்பட வேண்டியதில்லை. சொந்தத் திரும்பு வழி அடைபட்ட மின்சாரம் இன்னொரு பல்பின் இழை வழியாகச் சுற்றிப் போகிறது, அவ்வளவுதான். ஒரு நீள ஒயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை மீட்டரின் உலோக உடலிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். பளிச்சென்று எரிந்தால் பழுது எர்த்தில்தான். தேடல் முடிந்தது. உயிருள்ள முனையில் ஒயர் படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் 12 வோல்ட் வருகிறது. பல்பைப் போட்டால் எரியவில்லை. மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்பதால், களிம்பேறி ஒரே ஓர் இழை மட்டும் மிஞ்சியிருக்கும் ஒயர் கூட அதற்கு முழு 12 வோல்ட்டைக் காட்டும். பல்பு கேட்கும் மின்சாரம் அந்த ஒற்றை இழையால் வராது. எனவே பல்பைப் போட்டு, ஸ்விட்சை ஆன் செய்து, சுமை ஏறிய நிலையில்தான் அளக்க வேண்டும். மீட்டர் உடலுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளந்தால் கால் வோல்ட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ அடைப்பு. ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளில் பல வருடமாகப் புழங்கும், ஒரு பல்பும் இரண்டு ஒயரும் கொண்ட டெஸ்ட் லாம்ப் இந்த விஷயத்தில் டிஜிட்டல் கருவியை விட நேர்மையானது. அது எரிய உண்மையான மின்சாரம் வேண்டும்.

மங்கலுக்குப் பின்னால் உள்ள கணக்கைப் பார்த்தால் சிறு களிம்பு எவ்வளவு கெடுக்கிறது என்று தெரியும். 2.2 வாட் பல்பு 12 வோல்ட்டில் 0.18 ஆம்பியர் எடுக்கும். ஐந்து பல்புக்கு ஏறத்தாழ 0.9 ஆம்பியர். எல்லாவற்றுக்கும் பொதுவான இணைப்பு ஒன்றில் 2 ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல்புகளுக்குக் கிடைப்பது பத்தரை வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. எட்டில் ஒரு பங்குதானே போயிற்று என்று தோன்றும். ஆனால் டங்ஸ்டன் இழையின் ஒளி வோல்ட்டேஜோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை. சுமார் மூன்றரை மடிப் பெருக்கத்தில் விழுகிறது. எனவே போவது கிட்டத்தட்ட நாற்பது சதவீத வெளிச்சம். இதே 2 ஓம் தடையோடு ஒரே ஒரு பல்பு மட்டும் எரிந்தால் இழப்பு அரை வோல்ட் கூட இராது, கண்ணுக்கும் தெரியாது. இதையே சோதனையாக்கலாம்: எல்லாப் பல்பையும் எரியவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால் மிச்சமிருப்பவை பிரகாசமாகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகிறது என்றால் தடை பொதுப் பாதையில் இருக்கிறது. ஆகவில்லை என்றால் ஒவ்வொரு மீட்டரின் எர்த்தையும் ஹோல்டரையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கொடுமை. 1967 மாடலுக்கு முந்தைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அப்படிப்பட்டது. அதே வாட் பல்பு இரண்டு மடங்கு மின்சாரம் கேட்கும். அதே 2 ஓம் தடை இருந்தால் பல்புக்கு நான்கு வோல்ட் கூடத் தேறாது. வெளிச்சம் ஐந்தில் ஒன்றாகிவிடும். 6 வோல்ட் வண்டி என்றாலே மங்கல்தான் என்று பலர் பழகிப்போயிருக்கிறார்கள். இணைப்புகளைச் சுத்தமாக வைத்தால் அவையும் நன்றாகவே எரியும்.

களிம்பு எங்கே சேர்கிறது? லூகாஸ் வயரிங்கில் ஒயர் முனையில் பித்தளைக் குண்டு ஒன்றைப் பற்றவைத்து, ரப்பர் உறை போட்ட குழலுக்குள் இரு புறமும் அழுத்திச் சேர்ப்பார்கள்; புல்லட் கனெக்டர் என்பது இதுதான். ரப்பர் வெடித்ததும் ஈரம் உள்ளே போகிறது. முன் கண்ணாடியின் ரப்பர் பீடிங் தளர்ந்த வண்டிகளில் மழைத்தண்ணீர் நேராக டேஷ்போர்டின் முதுகில்தான் சொட்டும். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். குழலை உருவிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பூச்சு தெரியும். உப்புத்தாளால் குண்டைத் தேய்த்துவிட்டு, பழைய குழலைத் தூக்கிப் போட்டுப் புதியது மாட்டுவதே நல்லது. அதன் விலை சொற்பம். ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றுவது பழுதை ஒரு மழைக்காலம் தள்ளிப்போடுவதற்குச் சமம்.

ரியோஸ்டாட் அடுத்த சந்தேகப்புள்ளி. பீங்கான் அல்லது பேக்கலைட் வளையத்தின்மேல் சுற்றிய தடைக்கம்பி. அதன்மேல் நகரும் ஒரு பித்தளை நாக்கு. குமிழைத் திருப்பினால் நாக்கு நகர்ந்து வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். பெரும்பாலானவர்கள் அதை முழு வெளிச்சத்தில் விட்டுவிட்டு வருடக்கணக்கில் தொடுவதே இல்லை. நாக்கு நின்ற இடத்தில் கம்பி கறுத்துவிடுகிறது. குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பல தடவை திருப்பிப் பார்த்தாலே பல சமயம் விளக்கு திரும்பி வந்துவிடும். வரவில்லையென்றால் உள்ளே வரும் சிவப்பையும் வெளியே போகும் சிவப்பு-வெள்ளையையும் ஒரு துண்டு ஒயரால் நேரடியாக இணைத்துப் பார்க்க வேண்டும். எரிந்தால் குற்றவாளி ரியோஸ்டாட்.

இந்த நோய் பிரிட்டிஷ் வண்டிக்கு மட்டும் உரியதல்ல. 1976இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ123, கட்டுமானத்தில் அசைக்க முடியாத பெயர் எடுத்த கார். அதன் மீட்டர் போர்டிலும் ரியோஸ்டாட்தான் முதலில் போகும். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் ரியோஸ்டாட் ஹெட்லைட் ஸ்விட்சோடு சேர்ந்தே இருக்கும். ஸ்விட்சின் குமிழை இழுத்தால் லைட், அதையே திருகினால் மீட்டர் வெளிச்சம். ஓட்டுகிறவர் தெரியாமல் திருகிவிட்டு, விளக்கு போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்புக்கு வருவதும் நடக்கிறது.

ஃபியூஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இரண்டே ஃபியூஸ். விளக்குகளுக்கு ஃபியூஸே இல்லாததும் உண்டு. லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது ஊதிப்போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இதை அறியாமல் வேறு முறையில் எண்ணிட்ட 35 ஆம்பியர் ஃபியூஸை வாங்கிப் போட்டால் ஒயர் உருகிய பிறகும் ஃபியூஸ் நிற்கும். பிரீமியர் பத்மினியின் மூலமான ஃபியட்டிலும், பீட்டிலிலும், இரு முனையும் கூம்பான பீங்கான் ஃபியூஸ்கள். இவை ஊதாமலேயே பழுதாகும். கூம்பு முனைக்கும் கிளிப்புக்கும் இடையில் வெள்ளைப் பூச்சு படிந்து தொடர்பு விட்டுப்போகும். கண்ணுக்கு ஃபியூஸ் நன்றாகத் தெரியும். விரலால் ஒரு சுற்று உருட்டிவிட்டால் விளக்கு எரியும்.

பெட்ரோல், வெப்பநிலை முட்களின் கோளாறை மீட்டர் லைட்டோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1960களின் நடுவிலிருந்து வந்த ஸ்மித்ஸ் மீட்டர்களுக்கு வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்ன டப்பா உண்டு. உள்ளே இரட்டை உலோகப் பட்டை சூடாகி விலகி, ஆறிச் சேர்ந்து, சராசரியாக 10 வோல்ட்டை அந்த இரு முட்களுக்கு மட்டும் தரும். விளக்குகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த டப்பாவும் எர்த்தை நம்பித்தான் வேலை செய்கிறது. இரண்டு முட்களும் ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் காட்டி, விளக்குகளும் மங்கியிருந்தால், இரண்டு பழுது என்று எண்ணாமல் டேஷ்போர்டின் எர்த்தைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

எச்சரிக்கை விளக்குகளில் மிகவும் கவனிக்க வேண்டியது சிவப்பு இக்னிஷன் விளக்கு. டைனமோ வண்டியில் அதன் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரியிலும், மறுமுனை டைனமோவிலும் இருக்கிறது. டைனமோவின் வோல்ட்டேஜ் பேட்டரியின் அளவை எட்டியதும் இரு முனையும் சமமாகி விளக்கு அணைகிறது. இரவு ஓட்டத்தில் அது முழுதாக அணையாமல் மங்கலான சிவப்பாகத் தெரிந்தால், எங்கோ வோல்ட்டேஜ் வித்தியாசம் இருக்கிறது என்று பொருள். டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துத் துண்டிக்கும் கட்-அவுட்டின் காண்டாக்டுகளில், இக்னிஷன் ஸ்விட்சில், ஏதாவது ஒரு கனெக்‌ஷனில் தடை ஏறியிருக்கும். பகலில் இது கண்ணுக்கே தெரியாது. டைனமோ வண்டியில் இந்தப் பல்பு போனாலும் சார்ஜ் ஏறும். ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படியில்லை. லூகாஸ் ஏசிஆர் வகை ஆல்டர்னேட்டர் விழித்தெழுவதற்கான முதல் மின்சாரமே இந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. இந்தச் சிறு பல்பு அறுந்தால் பேட்டரி இறங்கி வண்டி நடுவழியில் நிற்கும். ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பிரித்து, பிரஷ் மாற்றி, ரெகுலேட்டர் மாற்றி, செலவழித்த பிறகு பல்பைக் கண்டுபிடிப்பதைத் தவிர்க்க ஒரே வழி, சாவி போட்டதும் சிவப்பு எரிகிறதா என்று தினமும் பார்ப்பது. ஆயில் விளக்குக்கும் இதே பழக்கம் வேண்டும். இன்ஜின் ஓடாதபோது அது எரியவில்லை என்றால், இன்ஜினில் உள்ள ஆயில் ஸ்விட்சின் ஒயரைக் கழற்றி பாடியில் தொட வேண்டும். எரிந்தால் ஸ்விட்ச் பழுது. எரியாவிட்டால் பல்போ ஒயரோ.

விளக்கு எரிகிறது, வயரிங்கும் சரி, ஆனாலும் படிக்க முடியவில்லை என்ற புகாரும் உண்டு. மீட்டரின் உள்சுவர் முதலில் வெளிர் நிறத்தில் பெயின்ட் அடிக்கப்பட்டு ஒளியைச் சிதறடித்தது. ஐம்பது வருடப் புகையிலும் சூட்டிலும் அது காவியேறிவிடுகிறது. ஒளி நுழையும் பச்சை, நீல ஜன்னல்களும் கறுத்துப்போகின்றன. மீட்டரைத் திறந்து உள்ளே வெள்ளை அடித்தால் அதே 2.2 வாட் பல்பு புதிது போல ஒளி தரும். இது கைத்தேர்ச்சி வேண்டிய வேலை. முன் வளையத்தின் மடிப்பைத் தப்பாகப் பிரித்தால் குரோம் உரியும், முள்ளும் வளையும். பழைய ராணுவ வாகனங்களின் மீட்டர்களை மட்டும் திறக்கவே கூடாது. இருட்டில் ஒளிர அவற்றில் ரேடியம் கலந்த பூச்சு இருந்திருக்கலாம். ஒளிர்வது எப்போதோ நின்றிருக்கும். ஆனால் ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகவே 1600 ஆண்டு ஆகும். உதிர்ந்த தூள் மூச்சில் போவது ஆபத்து.

அமெரிக்க வண்டிகளில் 1960களில் பரவிய வேறொரு முறையும் பிரச்சினை தருகிறது. ஒயர்களுக்குப் பதில் பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய செப்புத் தடங்கள். பல்பு ஹோல்டர் அதன்மேல் கால் திருப்பு திருப்பிப் பூட்டும். ஹோல்டரின் கால் அழுந்தி அழுந்திச் செம்பு பெயர்ந்துவிடும். 1960 இம்பீரியலில் கிறைஸ்லர் இன்னும் துணிந்தது; மீட்டர் விளக்குக்குப் பல்பே வைக்காமல் மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் பூச்சைப் பயன்படுத்தியது. அதற்கு 200 வோல்ட் அளவிலான மாறுமின்சாரம் தேவை. 12 வோல்ட்டிலிருந்து அதை உண்டாக்க ஒரு தனிப் பெட்டி. அந்த அழகு இன்றைக்கும் மனதைக் கவரக்கூடியது. ஆனால் பெட்டி செத்தால் டெஸ்ட் லாம்ப் வைத்துத் தேடும் எந்த வித்தையும் அங்கே செல்லாது. அதைத் தொடுவதற்கும் தெரிந்த கை வேண்டும்.

இப்போது எல்லோரும் கேட்பது எல்இடி. சூடு குறைவு, மின்சாரம் குறைவு என்பதெல்லாம் உண்மை. ஆனால் எல்இடி திசை பார்த்து வேலை செய்வது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த்; சாதாரண எல்இடி அங்கே தலைகீழாகி எரியாது. பழைய ரியோஸ்டாட் எல்இடியைச் சீராக மங்கவைக்காது. குளிர்ந்த வெள்ளை எல்இடி பச்சை ஜன்னல் வழியாக ஆஸ்பத்திரி வெளிச்சம் போலக் கசியும்; இளமஞ்சள் வகை பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆல்டர்னேட்டர் வண்டியின் சிவப்பு விளக்கில் எல்இடி போட்டால் விழித்தெழப் போதிய மின்சாரம் கிடைக்காமல் சார்ஜ் நிற்கலாம். இணையாக ஒரு ரெசிஸ்டர் வைத்தால்தான் சரிவரும். மங்கலுக்கு மருந்தாக எல்இடி மாட்டுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. எல்இடி மிகக் குறைந்த மின்சாரத்திலேயே எரிந்துவிடுவதால், களிம்பேறிய இணைப்பு அப்படியே மறைந்து நிற்கும். அதே எர்த்தை நம்பியிருக்கும் மற்ற பாகங்கள் தொடர்ந்து தடுமாறும். முதலில் எர்த், பிறகு இணைப்புகள், அதன் பிறகே பல்பு வகை பற்றிய பேச்சு வர வேண்டும்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விடுமுன் பேட்டரி கேபிளைக் கழற்றியே ஆக வேண்டும். ஃபியூஸ் இல்லாத பழுப்பு ஒயர்கள் அங்கே ஓடுகின்றன. 1950களின் பருத்திநூல் போர்த்திய ரப்பர் ஒயர் வளைத்தாலே பொடிப்பொடியாக உதிரும். மோதிரமோ கடிகாரச் சங்கிலியோ உயிருள்ள முனைக்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டினால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

மொத்த வயரிங்கையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடலாமே என்று பல கடைகளில் சொல்வார்கள். ரப்பர் உதிர்ந்த வண்டிக்கும் எலி கடித்துக் குதறிய வண்டிக்கும் அது சரி. மற்றவற்றுக்கு அவசரம் வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்து ஒயரை இழுத்துவிட்டால் அடுத்து வரும் எலக்ட்ரீஷியனுக்கு வழிகாட்ட எதுவும் இராது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு உண்டு. அந்த விதிகள் கவலைப்படுவது சேஸிஸ், பாடி, இன்ஜின் பற்றித்தான். ஆனால் மூலத்தை மதிக்கும் ஒருவர் ஒயரின் நிறத்தையும் மதிக்கலாம். புது வயரிங் போட்டே ஆக வேண்டும் என்றால் லூகாஸ் நிற வரிசைப்படியே செய்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும். கூடவே ஒவ்வொரு மீட்டரின் கிளாம்பு நட்டுக்கு அடியிலும் ஒரு கறுப்பு ஒயரை மாட்டி, எல்லாவற்றையும் சேர்த்து, பெயின்ட் சுரண்டிய ஒரே போல்ட்டில் பாடியோடு முடுக்கிவிடச் சொல்லலாம். சில மீட்டர் ஒயரும் அரை நாள் கூலியும்தான் செலவு. பிறகு அந்த வண்டிக்கு எத்தனை கோட்டு பெயின்ட் அடித்தாலும் மீட்டர் லைட் எரியும்.